பரோட்டாக் கடை சால்னா வீட்டில் வருமா? மாஸ்டரிடம் கேட்டவை

மதுரைப் பக்கம் பரோட்டாக் கடைகளில் 22 வருஷம் சால்னா சட்டி முன்னாடி நின்னவன் நான். இப்போ சின்னதா சமையல் ஆர்டர் எடுத்துப் பண்றேன். சால்னா பத்தி மட்டும் கேளுங்க. மாவு பிசையறது, வீசறது எல்லாம் வேற ஆள் வேலை.

சேலத்துக்காரர்: மாஸ்டர், கடையில போடுற அதே பட்டை, சோம்பு, கல்பாசி எல்லாம்தான் போடுறேன். வீட்ல பண்ணா குருமா ஆயிடுது. எதை விட்டேன்?

மசாலாவுல ஒண்ணும் விடல தம்பி, எலும்பை விட்டுட்டீங்க. கடையில மத்தியானம் ரெண்டு மணிக்கே எலும்பு சட்டியில ஏறிடும். கறிக்கடையில கறி போக நிக்கிற முதுகெலும்பு, நெஞ்செலும்பு, மூட்டு. ஆறு மணிக்கு முதல் பரோட்டா கல்லுல விழறப்போ அது நாலு மணி நேரம் வெந்திருக்கும். மூட்டுல இருக்கிற ஜவ்வு கரைஞ்சு தண்ணியில இறங்கிடும். சால்னா பார்க்கத் தண்ணியா ஓடும், ஆனா நாக்குல நிக்கும். அதுக்குக் காரணம் அந்த ஜவ்வுதான். நாம வீட்ல பச்சைத் தண்ணிய ஊத்திட்டு, கெட்டியாகலையேன்னு தேங்காயைக் கூட்டுறோம். அப்புறம் குருமா ஆகாம என்ன ஆகும்?

நாலு பேருக்குச் சொல்றேன். அரைக் கிலோ ஆட்டெலும்பு, மூட்டு ரெண்டு துண்டாவது இருக்கணும். ஒரு கொதி விட்டு அந்த அழுக்குத் தண்ணியக் கொட்டிட்டு எலும்பைக் கழுவுங்க. பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணி, தட்டின இஞ்சி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள். குக்கர்ல ஆவி வந்ததும் அடுப்பைக் குறைச்சு 45 நிமிஷம். உப்பு போடாதீங்க. இந்தத் தண்ணி இன்னும் வத்தப் போகுது, இப்பவே போட்டா கடைசியில கரிக்கும்.

வெந்துச்சான்னு பார்க்க எங்க உஸ்தாத் ஒரு வழி வெச்சிருந்தார். ஒரு சொட்டை உதட்டுல தடவி, ரெண்டு உதட்டையும் சேர்த்து எடுப்பார். லேசா ஒட்டணும். ஒட்டலைன்னா திரும்பிக்கூடப் பார்க்காம, கரண்டியால அடுப்பைக் காட்டுவார். இன்னும் வேகட்டும்னு அர்த்தம்.

அடுத்து, அஞ்சு கரண்டி எண்ணெயில பட்டை, கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலை, கல்பாசி ஒரு சிட்டிகை. கல்பாசி கூடினா கசக்கும். மூணு பெரிய வெங்காயம் நல்லாச் சிவக்கணும், கண்ணாடி மாதிரி ஆனா போதாது. இஞ்சி பூண்டு விழுது, மூணு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். தக்காளி கரைஞ்சு எண்ணெய் ஓரத்துல பிரியற வரைக்கும் அடுப்பை விட்டு நகராதீங்க. அதுல எலும்புத் தண்ணி. நல்லாக் கொதிச்ச பிறகு, ரெண்டு கைப்பிடி தேங்காய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் கசகசா, ஒரு கரண்டி பொட்டுக்கடலை நைசா அரைச்சு ஊத்தி, சிறு தீயில 20 நிமிஷம். மேல சிவப்பா எண்ணெய் மிதந்ததும் உப்பு.

திருச்சி அம்மா: குக்கர்ல எத்தனை விசில் தம்பி?

விசில் கணக்கு வேண்டாம்மா. உங்க குக்கர் மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு அடிக்கும், பக்கத்து வீட்டுது எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு அடிக்கும். கடிகாரத்தைப் பாருங்க. ஆவி வந்ததிலிருந்து 45 நிமிஷம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர்: இங்க கசகசா கிடைக்காது அண்ணே.

கிடைக்காது, ஊர்லேர்ந்து எடுத்துட்டும் போயிடாதீங்க. அங்க தடை இருக்கு. துபாய்ப் பக்கம் இருக்கறவங்களுக்கும் இதேதான். ஆறு முந்திரிப் பருப்பு ஊற வெச்சு அரைங்க.

கோவைக்காரர்: சும்மா எலும்பு எலும்புன்னு சொல்றீங்க. கடை ருசி அஜினோமோட்டோதானே?

சில கடையில போடுவாங்க. நான் வேலை பார்த்த ஒரு கடையிலும் போட்டோம், மறைக்கல. ஆனா அதை மட்டும் வெந்நீர்ல போட்டுக் குடிச்சுப் பாருங்க, சால்னாவா இருக்கா? 1908-ல் ஜப்பான்ல இக்கேடான்னு ஒரு பேராசிரியர் கடற்பாசியிலிருந்து பிரிச்செடுத்த சுவை அது, குளூட்டமேட். பழுத்த தக்காளியில அது இயற்கையாவே இருக்கு. கறியிலும் எலும்பு ஒட்டின சதையிலும் ஐனோசினேட்டுன்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே சட்டியில சேர்ந்தா ருசி பல மடங்கு ஏறும். தக்காளியும் எலும்புத் தண்ணியும் சேர்ந்தா அந்த வேலை தானா நடந்துடும். உப்பைக் கடைசியில போட்டா பொடியே தேவைப்படாது.

பேச்சிலர், சென்னை: ஸ்டாக் க்யூப் போட்டா?

அதுல பாதி உப்பு. ருசி வரும், உதடு ஒட்டாது.

மயிலாடுதுறை வாசகி: நான் சைவம். கடையில எப்பவும் எம்ட்டி சால்னாதான் வாங்குவேன். வீட்ல எலும்பில்லாம அதே ருசி எப்படிக் கொண்டு வர்றது?

அம்மா, கொஞ்சம் உட்கார்ந்து படிங்க. எம்ட்டின்னா துண்டு இல்லாததுன்னு அர்த்தம். நான் நின்ன எல்லாக் கடையிலும் அது எலும்புத் தண்ணியில செஞ்சதுதான். துண்டு மட்டும்தான் வராது.

மயிலாடுதுறை வாசகி: பத்து வருஷமா சாப்பிடுறேன்! கேட்டப்போ "வெறும் சால்னாம்மா"ன்னுதானே சொன்னாங்க?

கோவைக்காரர்: மாஸ்டர் எல்லாரையும் பயமுறுத்துறார். எங்க ஊர்ல காய்கறிப் பரோட்டாக் கடையே இருக்கு, அங்கயும் சால்னாதான்.

விருதுநகர்க்காரர்: சால்னான்னாலே கறிதான்யா. சாலன்ங்கிற உருதுச் சொல்லிலேர்ந்து வந்தது.

விருதுநகராரே, சாலன் சரி, ஆனா அது குழம்புக்குத்தான் பேரு. ஹைதராபாத்துல மிளகாயிலயே சாலன் வைக்கிறாங்க, அதுல ஏது கறி? கோவைக்காரரும் சொல்றது தப்பில்ல, சைவக் கடையில சைவ சால்னா உண்டு. நான் சொல்றது ஆட்டுக்கறியும் கோழியும் விக்கிற கடையப் பத்தி. அங்க தனியா ஒரு சைவச் சட்டி வைக்க யாருக்கு இடம் இருக்கு? இருக்கறது ஒரே அடுப்பு, ஒரே அண்டா. சில்லி சிக்கன் வறுத்த சட்டியில ஒட்டினதைக் கூடத் தண்ணி விட்டுச் சுரண்டி அதுலதான் ஊத்துவோம். ராத்திரி ஒன்பது மணி சால்னா ஆறு மணி சால்னாவை விட நல்லா இருக்கறது அதனாலதான்.

விருதுநகர்க்காரர்: அப்போ கடைக்காரர் ஏமாத்தினாரா?

அவரைப் பொறுத்தவரை துண்டு இல்லைன்னா வெறும் சால்னாதான். ஆனா சைவம்னு சொல்லிக் கேட்டவங்ககிட்ட அப்படிச் சொன்னது தப்பு. நானும் கல்லாவுல நின்னு அப்படிச் சொன்னவன்தான். அம்மா, இனிமே "சைவமா"ன்னு கேக்காதீங்க, "எலும்பு போட்டதா"ன்னு கேளுங்க. வீட்டுக்கு: கால் கிலோ காளானை எண்ணெயில நல்லாச் சுருள வதக்கி, தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சு வடிச்சுக்கோங்க. பொட்டுக்கடலையும் முந்திரியும் ஒரு பங்கு கூட அரைங்க. அதே ருசின்னு சொல்ல மாட்டேன், கிட்ட வரும்.

ஓசூர்க்காரர்: கோழியில பண்ணலாமா? எத்தனை விசில்?

பண்ணலாம். கோழிக் காலும் கழுத்தும் கேட்டு வாங்குங்க, ஜவ்வு அதுலதான். 25 நிமிஷம். விசில் பத்தி மேல சொல்லிட்டேன்.

புதுக்குடித்தனம்: ராத்திரியே எலும்புத் தண்ணி வெச்சு அடுப்பு மேலயே மூடி வெச்சுட்டா, காலையில சூடு பண்ணிக்கலாமா?

கூடவே கூடாது. எலும்புத் தண்ணி மெதுவா ஆறும், அந்த வெதுவெதுப்புலதான் கிருமி பெருகும். கொதியில சாகாத வித்து இருக்கிற கிருமி உண்டு. சிலது விட்ட நஞ்சு மறுபடி கொதிக்க வெச்சாலும் போகாது. அகலமான பாத்திரத்துல ஊத்தி, குளிர்ந்த தண்ணியில நிறுத்தி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுல வைங்க. காலையில ஜெல்லி மாதிரி ஆடினா நல்லா வெந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். மேல உறைஞ்ச கொழுப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தாளிக்க அதுதான்.

வேலூர்க்காரர்: பிரியாணிக்கும் இதே தண்ணி ஊத்தலாமா? பரோட்டா ஏன் ரப்பர் மாதிரி வருது?

பிரியாணி இன்னொரு நாள். பரோட்டாவுக்கு மாவு மாஸ்டரைப் பிடிங்க.

நாகர்கோவில் அக்கா: மட்டனுக்கு ஆறு விசில் விட்டா போதுமாண்ணே?

அக்கா… 45 நிமிஷம்.

சேலத்துக்காரர்: மாஸ்டர், நீங்க சொன்னதும் எலும்பு வாங்கி வெச்சுட்டேன். உதடு ஒட்டுது! ஆனா தேங்காய் ஊத்தின பிறகும் ரொம்பத் தண்ணியா இருக்கு. வத்த விடட்டுமா?

உப்பு போட்டாச்சா?

சேலத்துக்காரர்: போட்டுட்டேன்.

அப்போ வத்த விடாதீங்க. ஒரு கரண்டி பொட்டுக்கடலையை அரைச்சுக் கரைச்சு ஊத்தி, அஞ்சு நிமிஷம் கொதிச்சதும் இறக்கிடுங்க. மூடி வெச்சு அரை மணி நேரம் கழிச்சுப் பரோட்டாவைப் பிச்சுப் போட்டு மேல ஊத்துங்க. ஆறும்போது கொஞ்சம் இறுகும்.