கனரக லாரியை ஹைபிரிட்டாக மாற்றினால் நெடும்பயணத்துக்கு என்ன லாபம்?

டீசல் எஞ்சினைக் கழற்றாமல், கூடவே ஒரு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ப்பதுதான் ஹைபிரிட் மாற்றம். பழைய மேன் (MAN), மெர்சிடிஸ் போன்ற ஜெர்மன் லாரிகளை வீடாக்கி நாடு நாடாகப் போகிறவர்கள் இதை யோசிப்பதற்குக் காரணம், மலை.

தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் ஆக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆக்சிஜன் குறைவதால் டீசல் எஞ்சின் திணறும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை.

இறக்கத்தில்தான் உண்மையான ஆதாயம். 12 டன் லாரி 1,000 மீட்டர் இறங்கும்போது சுமார் 33 யூனிட் ஆற்றல் வெளிப்படும். சாதாரண லாரியில் அது பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகி வீணாகும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்கு அனுப்பும். பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடாகாது. என்னைக் கேட்டால் எரிபொருள் மிச்சத்தைவிட இந்தப் பாதுகாப்பே பெரிது.

பாரவண்டியை ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னால் தள்ளுவார். இறக்கத்தில் அவரே பிடித்து நிறுத்துவார். மோட்டார் அந்த இரண்டாம் ஆள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அதனால் பேட்டரிப் பெட்டிக்கு ஹீட்டர் கட்டாயம்.

கூரையில் சோலார் போட்டால் டீசலே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 10 யூனிட் தரும். இவ்வளவு கனமான லாரி கிலோமீட்டருக்கே ஏறத்தாழ ஒரு யூனிட் கேட்கும்.