பன்னிரண்டாவது யார்டில் திரும்பு: இளம் ரிசீவர்களுக்கான கேள்வி பதில்

டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். அதே பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. குவார்ட்டர்பேக் பந்தை எறிவான், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பான். நம் பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்கு வரத் தொடங்கியதிலிருந்து, மே மாதம் பிறந்தாலே பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: போட்டிகள் இல்லாத இந்த மாதங்களில் என்ன செய்தால் ஆகஸ்டில் களத்தில் இறக்குவார்கள்? வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவன், பிளேனோ): அண்ணா, போன ஆண்டு வார்சிட்டி அணியில் (பள்ளியின் முதன்மை அணி) என் பெயர் இருந்தது. ஆனால் பத்து ஆட்டங்களிலும் சேர்த்து பதினான்கு ஸ்னாப்புக்குத்தான், அதாவது பதினான்கு முறை பந்து ஆட்டத்துக்கு விடப்பட்டபோதுதான், இறக்கினார்கள். வேகத்தில் அணியிலேயே மூன்றாவது ஆள் நான். பந்தையும் அதிகம் தவறவிடுவதில்லை. பிறகு ஏன் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்?

பதில்: தம்பி, வேகமும் கையும் இருந்தும் ஒருவனை உட்கார வைக்கிறார்கள் என்றால், அவன் எந்த இடத்தில் திரும்புகிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கர்ல் என்ற ரூட்டை, அதாவது ரிசீவர் ஓடும் பாதையை, எடுத்துக்கொள். பன்னிரண்டு யார்டு ஓடி, சட்டென்று நின்று திரும்பி, பத்தாவது யார்டை நோக்கி வர வேண்டும். குவார்ட்டர்பேக் ஐந்து எட்டு வைத்துப் பின்வாங்கிப் பந்தை விடும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது உன் முதுகுதான். நீ திரும்புவதற்கு முன்பே பந்து புறப்பட்டுவிடும். நீ இருப்பாய் என்று நம்பி, ஆளில்லாத இடத்துக்கு எறிகிறான். நீ பத்தரையிலேயே திரும்பிவிட்டால் உனக்கு அது ஒன்றரை யார்டு. அவனுக்கோ எதிரணிக்காரன் பறித்துக்கொண்டு போன பந்து. மறுநாள் காணொளியில் அவன் பெயரில் எழுதப்படும் பிழை. அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை உன் பக்கம் பார்க்கவே மாட்டான். பயிற்சியாளரும் அவன் நம்புகிறவனைத்தான் இறக்குவார்.

எங்கள் பள்ளியின் வாகன நிறுத்தத்தில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். சாக்பீஸால் பன்னிரண்டாவது யார்டில் ஒரு கோடு போடு. ஐந்து முறை அந்தக் கோட்டைப் பார்த்து ஓடு. பிறகு தண்ணீர் ஊற்றிக் கோட்டை அழித்துவிட்டு இன்னும் பத்து முறை ஓடு. ஒவ்வொரு முறையும் எந்தக் காலை ஊன்றித் திரும்பினாயோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வை. கடைசியில் அளவு நாடாவைப் பிடி. முதல் நான்கு ஓட்டம் கச்சிதமாக இருக்கும். ஏழு, எட்டு என்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும் புள்ளிகள் உன் பக்கம் நகர்ந்து வரும்: பதினொன்றரை, பதினொன்று, பத்தே முக்கால். என்னிடம் வந்த பையன்களில் இப்படிக் குறுகாதவன் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் பன்னிரண்டு ஓடியதாகச் சத்தியம் செய்வார்கள். நாடாவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் நீ எங்கே திரும்புவாய் என்பதை அந்தக் கடைசிப் புள்ளிகளில் இப்போதே பார்க்கலாம்.

புள்ளிகள் ஓரிடத்தில் நிற்கத் தொடங்கியதும் உன் குவார்ட்டர்பேக்கைக் கூப்பிடு. முதலாமவன் வராவிட்டால் இரண்டாமவனைக் கூப்பிடு. பயிற்சி நேரத்தில் நீ பெரும்பாலும் அவனோடுதான் ஓடப்போகிறாய். அவனை அழைப்பவர்கள் குறைவு என்பதால் மகிழ்ச்சியாக வருவான்.

கேள்வி (ஒரு தாய், ஃபிரிஸ்கோ): என் மகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் ஒரு மரம் வரைந்து கிளைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறான். அது என்ன, சார்?

பதில்: அதற்கு ரூட் மரம் என்றே பெயர், அம்மா. ரிசீவர் ஓடக்கூடிய பாதைகளின் படம். நேரே மேலே போகும் தண்டு ஒன்பது, நிற்காமல் ஓடுவது. மற்ற கிளைகளில் ஒற்றைப்படை எண்கள் எல்லைக்கோட்டுப் பக்கம் போகும், இரட்டைப்படை எண்கள் மைதானத்தின் நடுப்பக்கம் போகும். ஒவ்வொரு அணியும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், அடிப்படை இதுதான். அவன் வரையட்டும். இரவில் நீங்கள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். எத்தனை யார்டு, எந்தக் காலை ஊன்றித் திரும்ப வேண்டும் என்று அவன் சொல்லட்டும். வெளியே ஓடுவதற்கு இணையான பயிற்சி இது. கணக்கு நோட்டில் வரைவதை மட்டும் கணக்கு ஆசிரியனாகக் கண்டிக்கிறேன்; தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன், கேட்டி): எளிதான பந்துகளைத்தான் நான் கைவிடுகிறேன். கடினமானவை கையில் ஒட்டிக்கொள்கின்றன. இது ஏன்?

பதில்: எளிதான பந்தில் கண்ணை முன்கூட்டியே எடுத்துவிடுகிறாய். பந்து கைக்கு வந்துசேரும் முன்பே எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்க்கிறாய். கடினமான பந்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை, அதனால் பிடித்துவிடுகிறாய்.

ஒரு கறுப்பு மையால் பந்தின் கூர்முனையைச் சுற்றி 1, 2, 3, 4 என்று எழுதி வை. எறிகிறவன் எறியட்டும்; பிடித்தபின், எந்த எண் உன் கட்டைவிரலுக்குக் கீழே வந்தது என்று அதே இடத்தில் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். பந்து மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். மார்போடு அணைத்துப் பிடிக்காதே. காதால்கூட இதைச் சோதிக்கலாம். விரல்களில் பிடித்த பந்து மெத்தென்று அடங்கும். மார்புக் கவசத்தில் மோதிய பந்து ‘டப்’ என்று கேட்கும். நான் பல நேரம் முதுகைத் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பந்தெறியும் இயந்திரம் இல்லையே என்று கவலைப்படாதே. சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து ஒரு கையால் பிடி, தினமும் ஐம்பது, இரண்டு கைக்கும். புகழ்பெற்ற ரிசீவர் ஜெர்ரி ரைஸ் மிசிசிப்பியில் கொத்தனாரான தன் தந்தைக்கு உதவியபோது, அண்ணன் தம்பிகள் எறிந்த செங்கற்களைப் பிடித்துப் பழகியவர். அவரே 1985இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு வந்த முதல் ஆண்டில் பந்துகளைக் கைவிட்டுக் கூட்டத்தின் கூச்சலை வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு 49 பந்துகள் பிடித்தார். அடுத்த ஆண்டு 86 பந்துகள், 1,570 யார்டு. சான் கார்லோஸ் மலைப்பாதையில் இரண்டரை மைல் ஏற்றத்தை ஆண்டுதோறும் அவர் ஓடி ஓடித் தேய்த்த கதையை உன் பயிற்சியாளரும் சொல்வார்.

கேள்வி (ஒரு தந்தை, ஆஸ்டின்): மகன் 5 அடி 8 அங்குலம். 40 யார்டு ஓட 4.9 நொடி ஆகிறது. வேகத்துக்கென்று தனிப் பயிற்சியாளர் வைக்கலாமா? மாதம் 400 டாலர் கேட்கிறார்கள்.

பதில்: வேண்டாம் என்பேன். பள்ளியின் தடகள அணியில் சேரச் சொல்லுங்கள். அங்கே செலவில்லாமல் வேகம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரிசீவர் கூப்பர் கப் 2017இல் என்எஃப்எல் தேர்வு முகாமில் 40 யார்டை 4.62 நொடியில் ஓடினார்; ஒரு ரிசீவருக்கு அது மெதுவான நேரம். அந்த ஆண்டு லீக் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 69ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். 2021இல் பிடித்த பந்துகள் 145, யார்டுகள் 1,947, டச் டவுன்கள் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோவது) 16. மூன்றிலும் லீக்கிலேயே அவர்தான் முதல். உயரத்துக்கு ஸ்டீவ் ஸ்மித்தைச் சொல்கிறேன்: 5 அடி 9 அங்குலம், 2005இல் பந்துகளிலும் யார்டுகளிலும் லீக்கில் முதலிடம்.

ரிசீவருக்கு வேகத்தைவிட அரிதான திறமை நிற்பது. முழு வேகத்தில் வந்து மூன்றே எட்டில் நிற்கத் தெரிந்தவனைக் காவல் காக்கும் கார்னர்பேக் தாண்டி ஓடிவிடுவான். உங்கள் மகன் நிற்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். மார்பு நிமிர்ந்து பின்னால் சாய்கிறது என்றால் ஐந்தாறு எட்டு ஆகும். இடுப்பைத் தாழ்த்தி, மார்பைக் கால்விரல்களுக்கு நேராக வைத்து, சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும். தொடையின் பின்தசை வலுவாக இல்லாமல் இது முடியாது. அந்தத் தசைதான் கோடையில் அதிகம் பிடித்துக்கொள்வதும். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் நோர்டிக் பயிற்சியை வாரம் இரண்டு முறை செய்யட்டும்.

கேள்வி (மாணவன், ஆலன்): ரிசீவர்தானே, எடை தூக்குவதைத் தவிர்க்கலாமா?

பதில்: கூடாது. எடை தூக்கும் அறைக்கு வராதவன் பெயர்தான் முதலில் குறிக்கப்படுகிறது.

கேள்வி (ஒரு தாய், ஷுகர் லேண்ட்): வசந்தகாலப் பயிற்சியில் என் மகனை கிக்காஃப் (தொடக்க உதை) அணியிலும், ஓட்ட ஆட்டங்களில் பிளாக் செய்யவும் (எதிராளியை உடம்பால் தடுக்கவும்) மட்டும் பயன்படுத்துகிறார்கள். அவமானமாக இருக்கிறது என்கிறான். மாறச் சொல்லட்டுமா?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். வாசல் திறந்திருக்கிறது, அம்மா. பயிற்சியாளர் ஒருவனைக் களத்தில் இறக்க முதலில் தேடும் காரணங்கள் இவைதான். மேத்யூ ஸ்லேட்டர் 2008இல் ரிசீவராகத் தேர்வாகி நியூ இங்கிலாந்து அணிக்குப் போனார். தன் தொழில் வாழ்க்கை முழுவதிலும் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. கிக்காஃப், பன்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்து விடுவது) அணிகளில் ஓடியே பத்து முறை புரோ பௌல் நட்சத்திர அணிக்குத் தேர்வானார், மூன்று சூப்பர் பௌல் (லீக் இறுதிப் போட்டி) வென்றார். அதே அணியின் ஜூலியன் எடல்மேன் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். பன்ட் பந்துகளை வாங்கி ஓடித்தான் முதலில் இடம் பிடித்தார், பிறகு ரிசீவரானார்.

பிளாக் செய்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழுபேர் ஆட்டத்தில் அது கிடையாது. ஜூன் முழுக்கப் பிள்ளைகள் ஆடுவது அந்த ஏழுபேர் ஆட்டம்தான். மாதக் கடைசியில் காலேஜ் ஸ்டேஷனில் மாநிலப் போட்டியும் நடக்கிறது. பந்து பிடிக்கவும் குவார்ட்டர்பேக்கோடு பழகவும் நல்லதுதான். ஆனால் அதில் இடிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அதிலேயே ஊறிய பையன்கள் ஆகஸ்டில் தங்கள் பக்கம் பந்து வராத ஆட்டங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: எதிராளியின் மார்புக்குள் இரு கைகளையும் வைக்க வேண்டும், தோளுக்கு வெளியே சட்டையைப் பிடித்தால் தண்டனை. விசில் ஊதும்வரை கால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பின்னால் வருபவன் எந்தப் பக்கம் ஓடினாலும் உடம்பு இடையில் நிற்க வேண்டும். நாற்பது யார்டு ஓட்டம் ஒன்று கிடைத்தால், காணொளியில் பயிற்சியாளர் முதலில் பாராட்டுவது அந்தப் பிளாக்கைத்தான்.

கேள்வி (மாணவன், ஸ்கார்பரோ, கனடா): அண்ணா, எங்கட விதிகள் வேறு. உங்கள் யோசனைகள் இங்கே பொருந்துமா?

பதில்: பெரும்பாலும் பொருந்தும், தம்பி. உங்களுக்குப் பன்னிரண்டு பேர், மூன்றே டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் முயற்சிகள்). ஸ்னாப்புக்கு முன்பே ரிசீவர் ஆட்டம் தொடங்கும் கோட்டை நோக்கி ஓடிவரலாம். எதிரணி ஒரு யார்டு தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆகவே ஸ்னாப் நேரத்துக்குச் சரியாக முழு வேகத்தில் கோட்டை அடையும் பயிற்சியைத் தனியாகச் செய். அரை நொடி முந்தினால் தண்டனை, பிந்தினால் அந்தச் சலுகையே வீண்.

கேள்வி (ஒரு தந்தை, இர்விங்): எங்கள் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாத பயிற்சியாளர் அவர். வேண்டியவர்களின் பிள்ளைகளைத்தான் இறக்குகிறார் என்று தோன்றுகிறது. நான் நேரில் போய்க் கேட்கலாமா?

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. திருச்சியிலிருந்து பதினோரு வயதில் வந்தவன் நான். நான் படித்த பள்ளியில் ஒரு பயிற்சியாளர் ஓர் ஆண்டு முழுக்க என்னை எண் சொல்லித்தான் கூப்பிட்டார். வலித்தது. அப்பா பள்ளிக்கு வரக் கிளம்பினார். நான் தடுத்துவிட்டு நானே அவர் அறைக்குப் போனேன். ஏன் என்னை இறக்கவில்லை என்று கேட்டிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். “களத்தில் இறங்க நான் இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும்? மூன்று சொல்லுங்கள்” என்று கேட்டேன். இரண்டு சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய், செய்துவிட்டேன், பாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பெயரைக் கற்றுக்கொண்டார்.

உங்கள் மகன் போகட்டும். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். பெயரைச் சரியாகச் சொல்லும்படி அவனே முதல் நாளில் பணிவாகத் திருத்தட்டும். இத்தனைக்குப் பிறகும் ஓரவஞ்சனை என்று தோன்றினால் நீங்கள் போங்கள். ஆட்டம் முடிந்த இரவில் வேண்டாம், நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (ஒரு தாய், பிளேனோ): ஆகஸ்ட் வெயில் பயமாக இருக்கிறது. சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் நாம் என்று கணவர் சொல்கிறார்.

பதில்: சென்னையில் வளர்ந்தது நீங்கள், மகன் வளர்ந்தது குளிர்சாதன அறையில். உங்கள் பயம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 1 அன்று, மினசோட்டா அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாம் வெயிலில் உடல் சூடேறி இறந்தார். வயது 27, தொழில்முறை வீரர். ஜூலையிலேயே வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி ஓடட்டும். முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கட்டும். உப்பு போட்ட மோர் நல்லது. பேச்சு குழறினாலோ தள்ளாடினாலோ 911ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடனே பனிக்கட்டித் தண்ணீரில் கழுத்தளவு அமர்த்துங்கள். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி (மாணவன், ஃபிரிஸ்கோ): வேதியியலில் 68 வாங்கினேன். அதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: டெக்சஸில் 1984இல் வந்த சட்டப்படி ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலும் ஆட முடியாது. இந்தக் கோடையில் வேதியியலையும் உன் ரூட்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள். சந்தேகம் இருந்தால் எழுது.

கேள்வி (முதலில் கேட்ட பிளேனோ மாணவன்): அண்ணா, நேற்று மாலை சாக்பீஸோடு போனேன். முதல் ஐந்தும் பன்னிரண்டு. கடைசி மூன்று புள்ளிகள் பத்தே முக்கால், பத்தரை, பத்தரை. நான் பன்னிரண்டு ஓடினேன் என்றுதான் நினைத்தேன்.

பதில்: தேதி போட்டு எழுதி வை. நாளை ஓய்வு, நாளை மறுநாள் மறுபடி ஓடு. கடைசி மூன்று ஓட்டத்தில் எட்டுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓடு. நீ எட்டை விழுங்குகிறாயா, எட்டின் நீளம் குறைகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. தெரிந்ததும் எழுது. அந்த இரண்டாவது குவார்ட்டர்பேக்கிடம் சனிக்கிழமை காலை வரச் சொல்லி இன்றே கேட்டுவிடு.