சுரங்கத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

கேள்வி: நெய்வேலி பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறேன். போர் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போகிறது. சுரங்கத்திலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பாய்ச்சலாமா? இல்லை, போரை ஆழப்படுத்தவா?

பதில்: ஆழப்படுத்துவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். காரணம் சொல்கிறேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் திறந்தவெளிச் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்த போர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. உங்கள் போரும் அதே அடுக்கைத் தொட்டிருந்தால், அங்கே தண்ணீர் தீர்ந்துவிடவில்லை, அழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. மோட்டாரை இன்னும் சில குழாய் கீழே இறக்கினாலே போதுமா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு மனு கொடுக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, வாய்க்கால் தண்ணீர். சுரங்கத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லக்கூடாது. ஆழ்துளைக் கிணறுகளில் இறைக்கும் ஊற்று நீர் பொதுவாகத் தெளிவானது. குழியில் தேங்கும் மழைநீர் களிமண்ணும் கரித்தூளும் கலந்து கலங்கலாக வரும். அனல்மின் நிலையச் சாம்பல் குளத்துக் கசிவும் கலந்தால் கதையே வேறு. உங்கள் வாய்க்கால் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒருநாள் அதன் கரையோடு நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) 0.75க்குள் இருந்தால் கவலையில்லை; 2.25 தாண்டினால் நெல்லுக்கு வேண்டாம். எஞ்சிய சோடியம் கார்பனேட் (லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில்) 1.25க்குள் இருக்க வேண்டும், 2.5க்கு மேல் போனால் மண் இறுகிவிடும். சாம்பல் கலப்பு என்று சந்தேகம் வந்தால் போரான், சல்பேட் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு மாதிரி அவசியம். ஒரே சோதனையை நம்பி விதை விடாதீர்கள்.

கலங்கலாக வந்தால் நேராக வயலுக்கு விடாமல் குட்டையில் தேக்கி, வண்டல் படிந்தபின் பாய்ச்சுங்கள். இல்லாவிட்டால் நாற்றங்காலில் மேல்மண் பொருக்குத் தட்டி முளைப்பே பாதிக்கும்.