பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அண்ணே வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். எங்கள் உறுமி மேளக் குழுவின் பக்திப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்து மிக்ஸ் பண்ணுகிறேன். யாமஹா எச்எஸ்5 மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறேன். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஓயவே இல்லை. பெயர்டைனமிக் டிடி 990 புரோ, 250 ஓம் ஹெட்போன் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. அதில் சத்தம் பத்தவில்லை. மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க ஆயிரம் ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 192 கிலோஹெர்ட்ஸ் உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் இரண்டு புகாருமே சத்தம் வெளியே வருகிற வழியைப் பற்றியவை. கடைக்காரரோ அட்டையில் அச்சடித்த எண்ணைக் காட்டுகிறார். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிகிறது என்பதுதான் அந்த எண். அந்த 192-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். நம் காது எட்டுவது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான். வயது கூடக் கூட அதுவும் இறங்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே அதில் பாதி, 22 வரை உள்ள ஒலி அடங்கிவிடும். காணொளியோடு சேர்க்க வேண்டுமென்றால் 48. அதையே 192-இல் பதிந்தால் ஒரே பாட்டு நான்கு மடங்கு இடத்தை விழுங்கும், லேப்டாப்பும் திணறும், உறுமி மட்டும் அதே உறுமியாகத்தான் கேட்கும். 24 பிட் (ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்ற எண்) என்பது இன்று பெரும்பாலான பெட்டிகளில் உண்டு; அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான விஷயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதற்கும் முன்னால், காசில்லாத சோதனை ஒன்று. இரைச்சல் வந்துகொண்டிருக்கும்போதே லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால், அது எர்த் வளையம். சார்ஜர் வழியாக ஒரு எர்த் பாதை, ஸ்பீக்கர் வழியாக இன்னொன்று. இரண்டையும் உங்கள் ஆடியோ ஒயரின் வெளி உறை இணைத்து வட்டமாக்கிவிடுகிறது. வட்டத்துக்குள் ஓடும் சின்ன மின்னோட்டம் உங்கள் பாட்டோடு கலந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கியும் அடங்கவில்லையா? ஸ்பீக்கரிலிருந்து ஒயரையே கழற்றுங்கள். அப்போது அமைதியாகிவிட்டால் குற்றவாளி ஒயர், அல்லது அதன் மறுமுனையில் உள்ள லேப்டாப். அப்போதும் உறுமினால் ஸ்பீக்கரையோ வீட்டு மின்சாரத்தையோ சந்தேகப்பட வேண்டும், எந்த இன்டர்ஃபேஸும் அதைத் தீர்க்காது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இரைச்சலைப் போக்க ஒரு பெட்டியை விற்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே ராகம் பாடியது. கடைசியில் பார்த்தால், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய எக்ஸ்டென்ஷனில் எர்த் கம்பி உள்ளே இணைக்கப்படவே இல்லை. மூன்று முள் இருந்தது, உள்ளே இரண்டு கம்பிதான். நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி, லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதிலேயே சொருகுங்கள். பழைய வீடாக இருந்து சாக்கெட்டிலேயே எர்த் சந்தேகம் என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். சத்தம் போகட்டும் என்று எர்த் முள்ளை உடைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இது 230 வோல்ட். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு இந்த இரைச்சல் மற்றவர்களைவிட அதிகம் கெடுதல் செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கூடவே வரும். எச்எஸ்5-இன் ஐந்து அங்குலக் கூம்பு 54 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழந்துவிடுவதால், உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் அந்த 100-தான். வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழும் முனகலின் அடித்தளமும் அந்த அண்டையில்தான் கிடக்கிறது. மின்சார உறுமலுக்கு நடுவே தோல் உறுமலை எப்படி அளப்பீர்கள்? கீழ் ஒலியைக் கூட்டிவிட்டோமா, குறைத்துவிட்டோமா என்று தெரியாமலே மிக்ஸ் முடிந்துவிடும்.

இனி பின்பக்கம். அங்கே மானிட்டருக்கென்று இரண்டு 6.35 மில்லிமீட்டர் துளைகள் இருக்க வேண்டும், அவை 'பேலன்ஸ்டு' வகையாக இருக்க வேண்டும். பேலன்ஸ்டு இணைப்பில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகிறது. ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். ஸ்பீக்கர் ஒரு கம்பியில் வந்ததிலிருந்து மற்றதில் வந்ததைக் கழிக்கும்போது பாட்டு இரட்டிப்பாகிறது, இரைச்சல் அடிபட்டுப் போகிறது. எச்எஸ்5-இன் பின்னால் அதற்கான இரு வகை வாயும் உண்டு: மூன்று முள் கொண்ட வட்டமான எக்ஸ்எல்ஆர் ஒன்று, 6.35 ஒன்று. பழைய ஒலிபெருக்கிக்காரர்கள் எக்ஸ்எல்ஆரை இன்னும் 'கேனன்' என்றுதான் சொல்வார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நல்ல பெட்டி வாங்கிவிட்டு, வீட்டில் கிடக்கும் கிட்டார் ஒயரைச் சொருகுவார்கள். அதன் முனையில் கறுப்பு வளையம் ஒன்றுதான் இருக்கும். பேலன்ஸ்டு ஒயரில் இரண்டு வளையம். ஒற்றை வளையத்தைச் சொருகிய நொடியில் மேலே சொன்ன கழித்தல் கணக்கெல்லாம் வீண். கடையில் 'ஸ்டீரியோ ஜாக்' என்று கேளுங்கள், முனையை எடுத்து வளையத்தை எண்ணிப் பாருங்கள். பெட்டிக்கு ஒதுக்கிய காசிலிருந்தே ஒயருக்கும் எடுத்து வையுங்கள்.

இப்போது ஹெட்போன். உங்கள் 990 கெட்டுப்போகவில்லை. 250 ஓம் என்ற பெரிய மின்தடைக்குத் தேவையான வோல்ட்டேஜ் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் சத்தம் வரும். 250 ஓமில் ஒரு மில்லிவாட் தருவதற்கு அரை வோல்ட் வேண்டும். மேளத்தின் அடி 110 டெசிபெல் வரை தெறிக்க வேண்டுமென்றால் 25 மில்லிவாட், அதாவது இரண்டரை வோல்ட். லேப்டாப் துளை ஒரு வோல்ட் தந்தாலே பெரிது. அதே சத்தத்துக்கு 38 ஓம் உள்ள ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸுக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகப் போதும். கடைப் பாட்டுகள் உங்கள் ஹெட்போனில் ஓரளவு கேட்டிருக்கும். நீங்கள் பதிந்தது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்திருக்கும். வெளியான பாட்டின் சத்தம் முன்பே அழுத்தி உயர்த்தப்பட்டது. உங்களுடையது இன்னும் பச்சை.

அதனால் இன்டர்ஃபேஸின் விவரத்தாளில் ஹெட்போன் வெளியீடு எத்தனை வோல்ட், அல்லது 250, 300 ஓமில் எத்தனை மில்லிவாட் என்று தேடுங்கள். 32 ஓமுக்கு மட்டும் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு 250-ஐப் பற்றி வாய் திறக்காத தாள்கள் உண்டு. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹெட்போன் துளையின் சொந்த ஓம் அளவும் இருக்கும். அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது பழைய கணக்கு. உங்களுடையதற்கு 31 ஓம் வரை இருந்தாலும் பரவாயில்லை. 38 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்தான் ஐந்துக்குள் தேட வேண்டும்.

தாளைவிட நம்பகமானது காது. ஈப்போ அரை மணி நேர ஓட்டம்தானே? லேப்டாப், ஹெட்போன், உங்களுடைய முடிக்காத மிக்ஸ் ஒன்று, மூன்றையும் தூக்கிக்கொண்டு போங்கள். குமிழ் முக்கால்வாசியில் நிற்கும்போதே போதும் போதும் என்று தோன்றினால் அந்தப் பெட்டி தேறிவிட்டது. முழுக்கத் திருகியும் பத்தவில்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மானிட்டருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி வால்யூம். ஒரே குமிழ் இரண்டையும் ஆட்டினால், ராத்திரி ஹெட்போனில் ஏற்றி வைத்ததை மறந்து காலையில் ஸ்பீக்கரைப் போட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்து வந்துவிடுவார். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள லெவல் குமிழை நடுவிலிருந்து சற்றுக் கீழே இறக்கி, இன்டர்ஃபேஸ் குமிழைத் தாராளமாகத் திறந்து வேலை செய்யுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தமும் குறையும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டியிருந்தால் பின்னால் 'ரூம் கன்ட்ரோல்' சுவிட்ச் இருக்கிறதே, அதை மைனஸ் 2-இல் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிடி 990 திறந்த முதுகு உள்ள ஹெட்போன். மிக்ஸ் பண்ண அருமை. ஆனால் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் பாடினால், உள்ளே ஓடும் தாளம் வெளியே கசிந்து குரல் பதிவில் ஏறிவிடும். பாடுகிறவருக்கு மூடிய வகை வேண்டும்: டிடி 770, சோனி 7506, முன்னே சொன்ன எம்50எக்ஸ், இவற்றில் எதுவானாலும் சரி. குழுவில் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள்.

பாடும்போது தன் குரல் தாமதித்துக் கேட்கும் தொல்லைக்கு 'டைரக்ட் மானிட்டர்' வசதி போதும். குரல் கணினிக்குள் போகாமலே காதுக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் லேப்டாப் என்றால் அந்த நிறுவனமே எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள பெட்டியாக எடுங்கள். அப்போது பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை, 128-இல் வைத்தாலும் தடங்காது. 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு திசைக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். மிக்ஸ் பண்ண உட்காரும்போது 512-க்கு ஏற்றிவிடுங்கள்.

சரி, எது? மோட்டு எம்2 உங்கள் காசுக்குள் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். மானிட்டர் வெளியீடு பேலன்ஸ்டு, அதன் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி) 120 டெசிபெல், ஹெட்போனுக்குத் தனிக் குமிழ். முகப்பில் உள்ள சின்னத் திரையில் உள்ளே வருவதும் வெளியே போவதும் கண்ணுக்குத் தெரியும்; மேள அடி உச்சியில் உடைகிறதா என்று பார்க்க அது பெரிய உதவி. பின்னால் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளையும் இருக்கிறது, அதே ஒலி அதிலும் வரும். கூடத்தில் இருக்கும் பழைய ஹைஃபை செட்டில் இணைத்து, உங்கள் பாட்டு அப்பாவின் ஸ்பீக்கரில் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கலாம். கேட்கப்போகிறவர்கள் அப்படிப்பட்ட செட்டில்தானே கேட்பார்கள்.

அது காசுக்கு மீறினால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. நான்காம் தலைமுறை 2023-இல் வந்தது. மூன்றாம் தலைமுறை நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் மோசமில்லை. இதிலும் குமிழ்கள் தனித்தனி. ஆடியன்ட் ஈவோ 4-இன் ஒலியில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரே குமிழ், எதைத் திருகப்போகிறோம் என்று முதலில் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிடிக்கும். எனக்கு எரிச்சல். எதை எடுத்தாலும் உங்கள் 250 ஓம் ஹெட்போனில் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். மூன்றிலும் மைக் வாய் இரண்டுதான் என்பதும் நினைவிருக்கட்டும். மொத்தக் குழுவையும் ஒரே நேரத்தில் பதிய ஆசை என்றால் நான்கு, எட்டு மைக் பெட்டிக்குக் காசு சேர்க்க வேண்டும். ஒவ்வொருவராக அடித்துப் பதிகிறவருக்கு இரண்டு போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் லேப்டாப் போர்ட்டிலேயே நேராகச் சொருகுங்கள், ஹப் வேண்டாம். சாயங்காலம் மானம் கறுத்து மலைப்பக்கம் இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், யூஎஸ்பி ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் கழற்றுங்கள். எப்படியும் தகரக் கூரையில் மழை விழுகிற நேரத்தில் குரல் பதிவு நடக்கப்போவதில்லை.