பாதி இருக்கையுடன் அரங்கைத் திறக்கலாமா?

கேள்வி (கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கேட்கப்பட்டது): 200 இருக்கைகள் கொண்ட சிறிய நாடக அரங்கை நடத்துகிறேன். கொரோனாவால் பல மாதங்களாக மூடிக் கிடக்கிறது. இப்போது பாதி இருக்கைகளுடன் திறக்க அனுமதி வந்திருக்கிறது. திறக்கலாமா? கையில் இருப்பது கொஞ்சப் பணம். முதலில் எதற்குச் செலவு செய்வது?

பதில்: அனுமதி வந்துவிட்டதே என்று உடனே தேதி அறிவித்துவிடாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு காட்சிக்கென்றே ஆகும் செலவை, அதாவது கலைஞர் ஊதியம், ஊழியர் கூலி, மின்சாரம், துப்புரவு எல்லாவற்றையும் கூட்டி டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். 70 என்று வந்தால், 100 பேர் உட்காரும்போது வாடகைக்கும் கொஞ்சம் மிஞ்சும். 120 என்று வந்தால், அத்தனை டிக்கெட்டும் விற்றாலும் ஒவ்வொரு காட்சியும் கடனைத்தான் கூட்டும். அந்த நிலையில் மூடி வைத்திருப்பதே மேல். இல்லையென்றால் குறைந்த நடிகர்கள் வரும் சிறு நாடகத்தை ஒரே நாளில் இரண்டு முறை போடலாம். கலைஞர்களின் ஊதியத்தை வெட்டி மட்டும் கணக்கை நேர் செய்யாதீர்கள். இந்த மாதங்களில் அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

2020இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் உள்ள பெர்லினர் என்செம்பிள் நாடக அரங்கில் சுமார் 700 இருக்கைகளில் 200 போல விட்டுவிட்டு மீதியைக் கழற்றி எடுத்தார்கள். ஆனால் அது அரசு மானியம் பெறும் அரங்கு. டிக்கெட்டை நம்பி நடக்கும் அரங்கு அதை அப்படியே பின்பற்ற முடியாது.

சரி, கணக்கு ஒத்துவருகிறது என்றால் பணத்தைக் காற்றோட்டத்துக்குச் செலவிடுங்கள். கிருமிநாசினி தெளிக்கும் எந்திரத்துக்கு வேண்டாம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வாசலில் கிருமிநாசினி கொடுத்தார்கள், கைகுலுக்கலைத் தவிர்த்தார்கள். அப்படியும் வந்த 61 பேரில் 50க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் பகிர்ந்த காற்றுதான் முக்கியமான சந்தேகம்.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஆகவே ஒருபக்கம் ஜன்னலும் கதவும், எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று காற்றுக்கு வழி அமையுங்கள். அது முடியாத மூலைகளுக்கு நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். நாம் மூச்சில் விடும் வாயு அது, அறையில் அது கூடினால் காற்று மாறவில்லை என்று பொருள். வெளியே 400 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 400 பங்குக்கு, சற்று மேல் காட்டும். அரங்கு நிறைந்திருக்கும்போது 800 பிபிஎம்முக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். 1,500ஐத் தாண்டியே நின்றால் காற்றோட்டம் போதவில்லை, ஆட்களைக் குறைக்க வேண்டும். ஒப்பனை அறையிலும் அதே மீட்டரை வையுங்கள். நடிகர்கள் முகக்கவசமின்றி நெருங்கி நிற்கும் இடம் அது, பல அரங்குகளில் அதற்கு ஜன்னலே கிடையாது.

2020 டிசம்பரில் பார்சிலோனாவின் சாலா அப்போலோவில் ஒரு சோதனைக் கச்சேரி நடந்தது. அன்றைக்கே விரைவில் முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனை, எல்லோருக்கும் என்95 முகக்கவசம், நல்ல காற்றோட்டம். இடைவெளி விடாமல் நின்று ஆடிய 465 பேரில் ஒருவருக்கும் பின்னர் தொற்று கண்டறியப்படவில்லை. ஒரே கச்சேரிதான், பரவல் உச்சத்தில் இருக்கும் ஊருக்கு அது பொருந்தாது. ஆனாலும் இந்த மூன்றும் சேர்ந்தால் பலன் உண்டு என்று நம்ப அது இடம் தருகிறது.

அப்புறம், பல மாதம் ஓடாத குழாய்களில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரலாம். திறப்பதற்கு முன் எல்லாக் குழாய்களிலும் தண்ணீரை நன்றாக ஓடவிடுங்கள்.

முன்பதிவுப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், அன்றாடச் செலவுக்குத் தொடாதீர்கள். காட்சி ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு தேதிக்கு மாற்றுவதா, அரங்குக்கே விடுவதா என்பதை ரசிகரே முடிவு செய்யட்டும்.

உதவித்தொகை கேட்கப் பழைய கணக்குப் புத்தகங்களை இப்போதே எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் மூடிய அரங்குகளுக்கான மானியத்தை 2019 வருமானத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். எங்கே விண்ணப்பித்தாலும் பழைய வரவு செலவைக் கேட்பார்கள்.

கலைஞர்களுடன் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாலும் அன்றைய ஊதியம் உண்டு. அது இல்லாவிட்டால், கூலி போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு யாராவது மேடையேறுவார்கள். அந்த ஊதியத்தையும் முதல் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.