இரண்டு பேர், ஒரு பாய்மரப் படகு: நண்பருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: நானும் என் நண்பனும் முப்பதடி பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போகலாம் என்று இருக்கிறோம். நான் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு முடித்திருக்கிறேன். நண்பன் இதுவரை பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. ஆனால் நன்றாக நீந்துவான், எதற்கும் பயப்பட மாட்டான். ஒரு நாளைக்கு 40 கடல் மைல் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா? அவனுக்குக் கடல் மயக்கம் வந்தால் என்ன செய்வது?

பதில்: போகலாம். ஆனால் 40 கடல் மைலை 20 ஆகக் குறையுங்கள். முதல் நாள் எங்கும் போகாதீர்கள். அந்த நாள் முழுவதும் உங்கள் நண்பருக்கு.

காரணம் சொல்கிறேன். படகை ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களே தண்ணீரில் விழுந்துவிட்டால்? 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில், போகும் படகு ஒரு நிமிடத்தில் சுமார் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்தத் தூரத்தில், அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை கண்ணில் படுவதே கஷ்டம். உங்கள் நண்பர் நன்றாக நீந்துவார் என்பது இங்கே உதவாது. நல்ல நீச்சல்காரர்கூட 2 நாட் வேகத்தைப் பிடிப்பது அபூர்வம். அவர் நீந்த வேண்டியதில்லை, படகை நிறுத்தத் தெரிய வேண்டும். இரண்டு பேர் மட்டும் போகும் பயணத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தனியாள். அதனால் உங்கள் திறமையை வைத்துத் திட்டம் போடாதீர்கள், நண்பரால் தனியாக எதைச் சமாளிக்க முடியுமோ அதை வைத்துப் போடுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள், துறைமுகத்துக்கு வெளியே, காற்று லேசாக இருக்கும்போது அவருக்கு மூன்று காரியங்களைச் சொல்லிக் கொடுங்கள். முதலாவது, படகை நிறுத்துவது. முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டு, சுக்கானைத் திருப்பி, படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்குக் குறுக்காக மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். முன்பாய் பின்பக்கமாகக் காற்றை வாங்கி நிற்கும், படகு தள்ளாடிக்கொண்டே ஏறக்குறைய நின்றுவிடும். இதற்குப் பலமும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம். மிதவை ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருங்கள். அவர் பத்து முறையாவது செய்து பார்க்கட்டும்.

இரண்டாவது, இன்ஜினை ஓட்டுவதும் அணைப்பதும். தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகே கியர் போட வேண்டும். இல்லையென்றால் படகைத் தள்ளும் அடிக்காற்றாடியில் (ப்ரொப்பெல்லரில்) கயிறு சுற்றிக்கொள்ளும். விழுந்தவரை நெருங்கியதும் கியரை எடுத்துவிட வேண்டும். நனைந்த ஆளைக் கையால் இழுத்து ஏற்றுவது ஒருவரால் ஆகிற காரியமில்லை. பின்னால் ஏணி இருக்கிறதா, பாயை ஏற்றும் கயிற்றையும் விஞ்சையும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்து ஆளைத் தூக்க முடியுமா என்று கட்டுத்துறையிலேயே செய்து பாருங்கள்.

மூன்றாவது ரேடியோ. இப்போதுள்ள விஎச்எஃப் கருவிகளில் சிறு மூடிக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருக்கும். அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஆபத்துச் செய்தி தானாகப் போகும், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் படகின் இடமும் சேர்ந்து போகும். பிறகு 16-ஆம் சேனலில் ‘மேடே’ என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது. பெரிய எழுத்தில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, தொடை வாரையும் சேர்த்து இறுக்குங்கள். தொடை வார் இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும். ஒருவர் கீழே தூங்கும்போது மேலே தனியாக இருப்பவருக்கும், பாயைச் சரிசெய்ய முன்னால் போகிறவருக்கும் பாதுகாப்புக் கயிறு படகோடு மாட்டியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் 40 மைல் கணக்கு. முப்பதடிப் படகு நல்ல காற்றில் 5 நாட் போகும், எட்டு மணி நேரத்தில் 40 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் சரி. ஆனால் எதிர்க்காற்று வந்தால் நேராகப் போக முடியாது. இரு பக்கமும் 45 டிகிரி சாய்ந்து வளைந்து வளைந்து போக வேண்டும். தூரம் சுமார் 1.4 மடங்காகிவிடும். 40 மைல் 56 ஆகும். எதிரலையில் வேகமும் குறையும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போய், இருட்டில், அறிமுகமில்லாத துறைமுகத்தில், களைத்துப்போன இரண்டு பேர் நுழைவார்கள். 20 மைல் என்றால் எதிர்க்காற்றிலும் பகலிலேயே போய்ச் சேரலாம். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒதுங்க இன்னொரு துறைமுகமும் குறித்துவைத்திருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால் பாதி பயணம் புரிந்த மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். காற்று பின்னாலிருந்து வரும்போது இது தெரியாது. 15 நாட் காற்றில் நீங்களும் அதே திசையில் 5 நாட் வேகத்தில் போனால் முகத்தில் படுவது 10 நாட் மட்டுமே. இதமாக இருக்கும். திரும்பி எதிர்த்துப் போக ஆரம்பித்ததும் அதுவே ஏறக்குறைய 20. அதனால்தான் திரும்புகிற நேரத்தில் புதியவர்கள் திணறிப்போகிறார்கள். பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதல் தடவை மனதில் வந்த உடனே சுருக்கிவிடுங்கள். இந்த வாரத்துக்கு, காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 வரை, அதாவது 11 முதல் 16 நாட் வரை போதும். 6 என்று முன்னறிவிப்பு இருந்தால் கட்டுத்துறையை விட்டு நகராதீர்கள். பின்காற்றில் போகும்போது இன்னொரு கவனம்: பெரிய பாயின் அடியில் இருக்கும் பூம் கம்பு எதிர்பாராமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். மண்டையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அது வீசாதபடி கயிற்றால் முன்னால் இழுத்துக் கட்டுங்கள், இருவருமே அதற்குக் கீழே தலை நிமிர வேண்டாம்.

கரை பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைப்பது இயல்பு. படகுக்கு அது நேர்மாறு. காற்று கரையை நோக்கி அடிக்கும்போது அரை மைல் தள்ளிப் போகிறீர்கள், இன்ஜின் நின்றுவிட்டது, பாய் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். 1 நாட் வேகத்தில் படகு ஒதுங்கினால் அரை மணி நேரத்தில் பாறைமேல் இருப்பீர்கள். இரண்டு மைல் தள்ளிப் போனால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். நங்கூரம் எப்போதும் இறக்கத் தயாராக இருக்கட்டும். இறக்கும்போது சங்கிலியில் கஞ்சம் வேண்டாம். ஆழம் 5 மீட்டர், ஓதம் (கடல் நீரேற்றம்) இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 8. அதைப்போல நான்கு மடங்கு, 32 மீட்டர் சங்கிலி விடுங்கள். பெரும்பகுதி கயிறாக இருந்தால் ஏழு மடங்கு. பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்த்தால் பிடித்ததா என்று தெரியும்.

பாய்ப்படகுக்கு மற்றவர்கள் வழிவிடுவார்கள் என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள். குறுகிய கால்வாயில் அதை மறந்துவிடுங்கள். அங்கே பெரிய கப்பலுக்கு நீங்கள்தான் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்க வேண்டும், சர்வதேச விதியும் அதுதான்.

கிளம்புவதற்கு முன் நண்பரோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். இருவரில் யார் “திரும்பிப் போகலாம்” என்றாலும் படகு திரும்பும், காரணம் கேட்கக் கூடாது. பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவருக்கு அந்த வார்த்தையைச் சொல்வது கஷ்டம். அதனால் நீங்களே முதலில் பேச்சை எடுங்கள். கரையில் ஒருவரிடம் உங்கள் வழியையும் தினமும் சேரும் நேரத்தையும் சொல்லி வையுங்கள். எவ்வளவு நேரம் தாமதமானால் அவர் கடலோரக் காவலை அழைக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகட்டும்.

கடைசியாக, கடல் மயக்கம். மாத்திரை என்றால் வயிறு கலங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்பும் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு வாங்கி, வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். படகில் அவரைக் கீழே அறைக்குள் அனுப்பாதீர்கள், சுக்கானைக் கையில் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு அதிலேயே தெளிந்துவிடும். அப்படியும் வாந்தி வந்தால் விளிம்பில் குனிய விடக் கூடாது. ஆள் தடுமாறி விழுகிற நேரம் அது. கையில் ஒரு வாளியைக் கொடுத்து, பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.