ரெபெக்கா: சுட்டுக் கொல்லும் காட்சி எங்கே போனது?

‘ரெபெக்கா’ படத்தில் கணவன் மாக்ஸிம் ரெபெக்காவைச் சுட்டுக் கொல்வதாக நண்பர் சொன்னார், நான் பார்த்த பிரதியில் அது இல்லையே, வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரதியில் எதுவும் வெட்டுப்படவில்லை. ஹிட்ச்காக்கின் 1940 படத்தில் ரெபெக்கா தடுமாறி விழுந்து, தலையில் அடிபட்டுத்தான் சாகிறாள். மாக்ஸிம் அவளைச் சுடுவது, படத்துக்கு மூலமான நாவலில்.

அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிதான் காரணம். மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்புவதாகக் காட்ட முடியாது.

சந்தேகம் இருந்தால், படகுக் குடிலில் மாக்ஸிம் நடந்ததைச் சொல்லும் இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஃபிளாஷ்பேக்கே கிடையாது. அவள் எழுந்து நடந்த வழியில் கேமரா மட்டும் ஆளில்லாமல் நகரும். சுடும் காட்சியைவிட இதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது.

அப்புறம், 2020 நெட்ஃபிளிக்ஸ் படத்தில் சுடுவது உண்டு. உங்கள் நண்பர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்; எந்தப் படம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.